அக்கா இருப்பது எந்தக் கவுண்டியில்?

பெரியப்பா: அம்மா, முறுக்குப் பார்சலுக்காக நீ அனுப்பிய இங்கிலாந்து முகவரியில் மிடில்ஸ்பரோவுக்குக் கீழே, கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) கிளீவ்லாந்து என்று இருக்கிறது. நான் பள்ளி வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய அட்லஸோ அந்த ஊரை யார்க்‌ஷயருக்குள் காட்டுகிறது. எது சரி?

அக்கா: இரண்டும் ஒவ்வொரு காலத்தில் சரியாக இருந்தவைதான், பெரியப்பா. டீஸ் ஆற்றின் தென்கரையில் இருப்பதால் இந்த ஊர் நெடுங்காலம் யார்க்‌ஷயரின் வடக்கு ரைடிங்கைச் சேர்ந்திருந்தது. அக்கரை டர்ஹம் கவுண்டி. 1974-இல் கவுண்டி எல்லைகளைத் திருத்தியபோது இரு கரைகளையும் இணைத்துக் கிளீவ்லாந்து என்ற புதுக் கவுண்டியை உண்டாக்கி, 1996-இல் அதையும் கலைத்துவிட்டார்கள். இப்போது மிடில்ஸ்பரோ தனி நிர்வாகம். மரபுச் சடங்குகளுக்கு மட்டும் வடக்கு யார்க்‌ஷயர். எங்கள் வீட்டு உரிமையாளர் பாட்டி இன்னும் பழக்கத்தில் கிளீவ்லாந்து என்றே எழுதுகிறார்.

அத்தை: ரைடிங் என்றால் குதிரைச் சவாரியா, அண்ணா?

பெரியப்பா: சவாரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்றில் ஒரு பங்கு என்று பொருள்படும் பழைய நார்ஸ் சொல்லின் திரிபு அது. 866-இல் யார்க் நகரைக் கைப்பற்றிய வைக்கிங்குகளின் மொழி விட்டுச்சென்ற சொல். வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்று பங்கும் தீர்ந்துவிட்டதால் தெற்கு ரைடிங் என்று ஒன்று கிடையாது. வகுப்பில் இதைக் கேட்டுப் பல மாணவர்களை மடக்கியிருக்கிறேன். ரோமர்கள் எபோராக்கம் என்று அழைத்த ஊரே வைக்கிங்குகளின் வாயில் யோர்விக் ஆகிப் பின்னர் யார்க் ஆயிற்று.

அக்கா: 'பி' என்று முடியும் ஊர்ப்பெயர்களும் அவர்கள் தந்தவையே. விட்பி மட்டுமன்று, எங்கள் பக்கத்து ஓர்ம்ஸ்பியும் தார்னபியும்கூட.

நான்: மிடில்ஸ்பரோவும் அவ்வளவு பழைய நகரமா, அக்கா?

அக்கா: பெயர்தான் பழையது. 1801 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 25 பேர். டர்ஹம் நிலக்கரியைக் கப்பலேற்ற ஆழமான துறை தேவைப்பட்டதால், தொழிலதிபர் ஜோசப் பீஸும் கூட்டாளிகளும் இங்கே நிலம் வாங்கி, 1830-இல் ஸ்டாக்டன்-டார்லிங்டன் ரயில்பாதையை இதுவரை நீட்டினார்கள். 1850-இல் எஸ்டன் குன்றுகளில் இரும்புத்தாது கிடைத்ததும் உலைகள் எழுந்து, 1901-இல் மக்கள்தொகை 90,000-ஐத் தாண்டிவிட்டது. 1932-இல் திறந்த சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியதும் இவ்வூரின் டார்மன் லாங் நிறுவனம்தான். இத்தனைக்கும் சட்டப்படி இது 'சிட்டி' அன்று. அரசர் அளிக்க வேண்டிய அந்தத் தகுதிக்கு 2022-இல் விண்ணப்பித்தும், யார்க்‌ஷயரின் டான்காஸ்டருக்குத்தான் கிடைத்தது. இதைவிடச் சிறிய டர்ஹம் மட்டும், பேராலயம் கொண்ட பழைய ஊர் என்பதால், சிட்டி.

பெரியப்பா: அநியாயம்தான். உங்கள் பக்கத்து ஊரான ஸ்டாக்டன் இப்போது எந்தக் கவுண்டி?

அக்கா: அதுதான் வேடிக்கை. ஒரே நிர்வாகப் பகுதியில் ஆற்றுக்கு வடக்கே டர்ஹம், தெற்கே வடக்கு யார்க்‌ஷயர்.

அத்தை: என் முறுக்கு எங்கே போய்ச் சேரும் என்று யாராவது சொல்லுங்கள்.

அக்கா: அஞ்சல் குறியீடும் ஊர்ப்பெயரும் போதும், அத்தை. அஞ்சல்துறை 1996-இலேயே கவுண்டிப் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டது.

பெரியப்பா: நான் வடக்கு ரைடிங் என்று சேர்த்து எழுதினால் பார்சல் திரும்பிவிடாதல்லவா?

அக்கா: திரும்பாது, பெரியப்பா. பாட்டிக்கு அதைப் பார்த்தால் மகிழ்ச்சியாகவும் இருக்கும்.