ஓக்லஹோமா 1908: டெபாசிட் உத்தரவாதம் ஊர் வங்கிகளைக் காத்ததா, கெடுத்ததா?

பேரேடு:
அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து ஊர்களைப் பாருங்கள், கத்ரி போல ஒரே நாளில் (1889 ஏப்ரல் 22) முளைத்தவை. ஒரு பக்கம் மத்திய அரசின் உரிமம் பெற்ற நேஷனல் வங்கி, எதிரே மாநில உரிமம் பெற்ற வங்கி. 3,000 பேருக்கு மேற்படாத ஊரிலும் நேஷனல் வங்கி தொடங்க 25,000 டாலர் மூலதனம் வேண்டும். 1913 வரை நிலத்தை அடமானம் பிடித்துக் கடன் தரவும் கூடாது. நிலம் ஒன்றே சொத்தாக உள்ள விவசாயி மாநில வங்கிக்குத்தான் போக முடியும். 1907-இல் நாடு முழுக்க வந்த வங்கி நெருக்கடியில் நம்பிக்கை ஆட்டம் கண்டதால் 1908-இல் உத்தரவாதச் சட்டம் அமலுக்கு வந்தது: மாநில வங்கிகள் எல்லாம் சராசரி டெபாசிட்டில் 1% பொது நிதிக்குக் கட்ட வேண்டும், ஒன்று விழுந்தால் அந்த நிதி டெபாசிட்டைத் திருப்பித் தரும். நியாயமான ஏற்பாடு.

வராக்கடன்:
அந்த 1% எல்லோருக்கும் ஒரே விகிதம், அதுதான் கோளாறு. கண்டபடி கடன் கொடுத்தவரும் கவனமாகக் கொடுத்தவரும் கட்டியது ஒன்றே. 'உத்தரவாதம் உண்டு' என்ற பலகை இருந்தால் டெபாசிட்காரர் வேறெதையும் விசாரிப்பதில்லை. 1909 செப்டம்பரில் கொலம்பியா பேங்க் அண்ட் டிரஸ்ட் என்ற மாநில வங்கி விழுந்ததும் நிதி போதாமல் மற்ற வங்கிகள் மீது சிறப்பு வசூல் போட்டார்கள். நல்ல வங்கிகள் நேஷனல் உரிமத்துக்கு மாறிக்கொண்டன. பாரமெல்லாம் மிச்சம் இருந்த நலிந்த வங்கிகள் தலையில்.

பேரேடு:
நேஷனல் வங்கி மட்டும் என்ன கெட்டி? ஊர்ப்புற நேஷனல் வங்கி டெபாசிட்டில் 15% கையிருப்பு வைக்க வேண்டியிருந்தது. அதில் ஐந்தில் மூன்று பங்கைப் பெருநகர வங்கியில் போட்டு வைக்கலாம் என்றிருந்தது. ஆக 1,00,000 டாலர் டெபாசிட்டுக்குப் பெட்டகத்தில் 6,000 இருந்தால் போதும் என்ற நிலை. 1907-இல் பெருநகர வங்கிகள் ரொக்கம் அனுப்பாமல் கைவிரித்தபோது, காகிதத்தில் இருந்த 9,000-ஐ வைத்து யாருக்குப் பட்டுவாடா செய்வது?

பருத்திக்காடு:
உரிமம் எதுவானாலும் கிளைகள் இல்லாத ஒற்றை வங்கிகள். கடனெல்லாம் ஒரே வட்டாரத்து விளைச்சலை நம்பி. 1920 ஏப்ரலில் பவுண்டு 40 சென்ட்டைத் தொட்ட பருத்தி, டிசம்பரில் 15-க்கும் கீழே. எல்லா வங்கிக்கும் ஒரே நேரத்தில் அடி விழும்போது அந்த 1% எங்கே நிற்கும்? 1923-இல் சட்டமே ரத்து. கனடா போலக் கிளைகளை அனுமதித்திருக்க வேண்டும்.

வராக்கடன்:
கனடாவின் ஹோம் பேங்க்குக்கு மேற்கில் கிளைகள் நிறைய இருந்தன. 1923 ஆகஸ்டில் அதுவும்தான் மூடியது. தணிக்கை இல்லாத இடத்தில் கிளை பரப்பினால் ஒரு ஊர் நட்டம் பத்து ஊருக்குப் போகும், பருத்திக்காடு. ஓக்லஹோமாவிலும் வங்கி கொடுத்த கடன்களின் ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் தணிக்கையாளர் வேண்டும், அபாயம் கூடினால் கட்டணமும் கூட வேண்டும். அந்த இரண்டும் இல்லாத உத்தரவாதத்தை நான் ஏற்க மாட்டேன்.