அரங்கேற்றம் பதிவு செய்யச் சின்ன கேம்கார்டர்: வாங்கலாமா, போனே போதுமா?

சலங்கைமணி:

வணக்கம். எங்கள் நடன வகுப்பின் அரங்கேற்றங்களை நாங்களே பதிவு செய்யலாம் என்று யோசிக்கிறோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். 300, 400 இருக்கை உள்ள ஹால்கள். கேமரா வைக்க இடம் கிடைப்பது கடைசி வரிசைக்குப் பின்னால், மேடையிலிருந்து சுமார் 60 அடி. ஒரு கேமரா, ஒரு ஆள், முக்காலி இருக்கிறது. சோனி சிஎக்ஸ்405 போன்ற சின்ன ஹேண்டிகேம் போதுமா, ஏஎக்ஸ்43 அளவுக்குப் போகணுமா? "கையில் நல்ல போன் இருக்கும்போது கேம்கார்டர் எதுக்கு டீச்சர்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். வாங்கினால் என்ன லாபம், என்ன தலைவலி என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேடைக்கண்:

தூரத்தைச் சொல்லிவிட்டீர்கள், நல்லதாகப் போச்சு. கணக்கே போட்டுவிடலாம்.

60 அடி என்றால் 18 மீட்டர். அங்கிருந்து 30 அடி அகல மேடை முழுசாகத் தெரிய, 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் (எண் கூடக் கூடப் படம் நெருங்கும்) சுமார் 72 மி.மீ. லென்ஸ் போதும். ஆடுகிற பிள்ளை தலை முதல் பாதம் வரை, மேலே கீழே கொஞ்சம் இடம் விட்டு நிற்க 180 மி.மீ. பதத்தில் அபிநயம் தெரிய இடுப்புக்கு மேலே நெருங்கினால் 400 மி.மீ. நீங்கள் சொன்ன இரண்டு மாடலுமே 26.8 மி.மீ.யில் தொடங்குகின்றன. சிஎக்ஸ்405 30 மடங்கு, 804 வரை போகும். ஏஎக்ஸ்43 20 மடங்கு, 536 வரை. உங்களுக்கு வேண்டியது 15 மடங்குதான். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 30 மடங்கைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

போன் கோட்டை விடுவதும் இந்த இடத்தில்தான். 5 மடங்கு டெலி லென்ஸ் உள்ள போன் ஏறத்தாழ 120 மி.மீ. அதாவது 60 அடியிலிருந்து 5.4 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் விழும். அதற்கு மேல் நெருங்குவதெல்லாம் படத்தை வெட்டி ஊதிப் பெருக்குவதுதான். போதாததற்கு, வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சத்தமில்லாமல் மெயின் லென்ஸுக்கு மாறி அதிலிருந்து வெட்டிக் கொடுக்கும். திரையில் மட்டும் 5 எக்ஸ் என்றே நிற்கும்.

இப்போது தீமைப் பக்கம். சிஎக்ஸ்405-ன் சென்சார், அதாவது படத்தைப் பிடிக்கும் சில்லு, 1/5.8 அங்குலம். ஏஎக்ஸ்43-ல் 1/2.5. பரப்பில் ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். அதோடு சிஎக்ஸ்405 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்1.8 இருந்தாலும் முழு ஜூமில் எஃப்4 ஆகிவிடும் (எஃப் எண் ஏற ஏறத் துளை சுருங்கும்). உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குதான். குறைவதை கெயின் (மின்னணுப் பெருக்கம்) ஏற்றிச் சமாளிக்கும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் மொய்க்கும். அலாரிப்புக்கு மேடை பளிச்சென்று இருக்கும்போது ஒன்றும் தெரியாது. பதத்துக்கு நீல விளக்கு மட்டும் போட்டார்களோ, முகம் கரைந்துவிடும். ஏஎக்ஸ்43 எஃப்2-ல் தொடங்கி எஃப்3.8-ல் முடிகிறது, அதுவும் சுருங்கத்தான் செய்யும். ஆனால் பெரிய சென்சார் தாங்கிக்கொள்ளும். மூன்று விளக்கை வைத்து ஒப்பேற்றும் ஹால் என்றால் அதுவும் திணறும், சொல்லிவிட்டேன்.

நன்மை என்று பார்த்தால் நிறுத்தாமல் ஓடுவது. ஸ்டில் கேமராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 விநாடியில் பதிவு நின்றுவிடும். ஐரோப்பாவில் 30 நிமிடமும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கருவிக்கு வீடியோ கேமராவுக்கான சுங்க வரி முன்பு விழுந்ததால் வைத்த வரம்பு அது. புதிய மாடல்கள் சிலவற்றில் எடுத்துவிட்டார்கள், ஆனால் சூடு ஏறி நிற்கும் தொல்லை அவற்றிலும் உண்டு. கேம்கார்டருக்கு இந்தக் கவலை இல்லை. நடுவில் அழைப்பும் வராது.

செட்டிங் என்று வந்தால் நாலு விஷயத்தை ஆட்டோவில் விடாதீர்கள்.

எக்ஸ்போஷர்: கறுப்புத் திரைக்கு முன் ஒரே ஆள் நின்றால், இருட்டை ஈடு கட்ட கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். நெற்றிச்சுட்டியும் முகமும் சேர்ந்து வெள்ளையாக வெளுத்துவிடும். திரையில் முகத்தைத் தொட்டு ஸ்பாட் மீட்டர் (தொட்ட இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வைத்து, அதற்கும் கொஞ்சம் கீழே இறக்கிப் பூட்டுங்கள்.

ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்வது): வெள்ளை விளக்கு மட்டும் எரியும் நேரத்தில், மேடையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லி ஒரு அழுத்தில் பதிந்துவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் சிவப்பு விளக்கு வரும்போதெல்லாம் நிறத்தைத் 'திருத்தி' விளக்கமைப்பாளரின் உழைப்பைக் கெடுக்கும்.

ஃபோகஸ்: முழு ஜூமில் முகத்தில் வைத்துக் கைமுறைக்கு மாற்றிவிட்டுப் பின்வாங்குங்கள். இரண்டு உருப்படிகளுக்கு நடுவே விளக்கை அணைக்கும்போது ஆட்டோஃபோகஸ் பிடிக்க ஒன்றுமில்லாமல் முன்னும் பின்னும் தேடும். விளக்கு வந்ததும் முதல் சில விநாடிகள் மங்கல்தான்.

முக்காலியில் ஸ்டெடிஷாட்டை (சோனியின் ஆட்டம் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கேமராவை மெல்லத் திருப்பி நிறுத்தியதும் படம் மட்டும் கொஞ்சம் வழுக்கிப் போய் நிற்கும். கையில் வைத்து எடுக்க ஏஎக்ஸ்43-ல் லென்ஸ் தொகுதி முழுதும் ஆடி ஈடு கட்டுகிறதே, அது அருமையானது. உங்கள் வேலைக்குத் தேவைப்படாது.

ஒலிமேசை:

படத்தைப் பற்றி மேடைக்கண் அண்ணன் சொல்லிட்டார். எனக்கு சிஎக்ஸ்405-ஐ ஒதுக்க ஒரு காரணம் போதும்: வெளி மைக் செருக துளை கிடையாது. கேட்க ஹெட்போன் துளையும் இல்லை.

60 அடியில் உள் மைக் எடுப்பது ஹால் எதிரொலி, மின்விசிறி, பக்கத்து இருக்கையில் பிரிக்கிற சிப்ஸ் பாக்கெட். அதைவிட மோசம், தானாக ஒலியளவைச் சரிசெய்யும் சர்க்யூட். நட்டுவனார் தாளம் தட்டின உடனே மொத்த ஒலியையும் அமுக்கும், அடுத்த அரை விநாடியில் பாட்டுக்குரல் மெல்ல ஊதி எழும்பும், மறுபடி தட்டு, மறுபடி அமுக்கல். ஜதி முழுக்க இப்படியே மூச்சு வாங்கும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்யவே முடியாது.

மைக் துளை உள்ள கேமரா வாங்குங்க. ஏஎக்ஸ்43, பானாசோனிக் வி785, கேனான் ஹெச்எஃப் ஆர்806 எல்லாத்திலும் 3.5 மி.மீ. துளை இருக்கு. மிக்ஸரிலிருந்து நேரா கேபிள் இழுத்துடாதீங்க. மிக்ஸர் கொடுப்பது லைன் அளவு, கேமரா எதிர்பார்ப்பது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத மைக் அளவு. மெனுவில் எவ்வளவு குறைத்தாலும் உள்ளே முதல் பெருக்கியிலேயே கிழிஞ்சிடும். நடுவில் 40 டெசிபல் குறைக்கும் அட்டென்யுவேட்டர் கேபிள் போடணும். ஹம் (மின் இரைச்சல்) வந்தா, அதைத் தடுக்க ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு. மிக்ஸர்காரரிடம் மெயினை (ஹால் ஸ்பீக்கருக்குப் போற கலவை) கேட்காம ஆக்ஸ் அவுட் (நமக்குன்னு தனியா கலந்து தரும் வழி) கேளுங்க. ஹாலில் சலங்கை ஒலி நேரா காதில் விழும், அதனால் அவர் மெயினில் அதை ஏற்றியிருக்கவே மாட்டார். உங்க பதிவில் சலங்கையே இருக்காது. ஆக்ஸில் மேடையோர மைக்கைக் கூட்டித் தரச் சொல்லலாம்.

கேபிள் இழுக்க விடலைன்னா மிக்ஸர் பக்கத்தில் தனி ரெக்கார்டர் வைங்க. ஆரம்பத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. இரண்டு கருவியின் கடிகாரமும் ஒண்ணா ஓடாது. மணிக்கு ஒன்றிரண்டு பிரேம் விலகும், கடைசித் தில்லானாவில் காலடியும் ஒலியும் ஒட்டாது. உருப்படிக்கு உருப்படி வெட்டித் திரும்பப் பொருத்திடுங்க.

யாழ்நிழல்:

வணக்கம் ரீச்சர். ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை. கனடா, அமெரிக்காவில இருந்து சொந்தக்காரர் கொண்டுவாற கமராவை மலிவெண்டு வாங்கிப் போடாதேங்கோ. அங்க விக்கிறது விநாடிக்கு 60 பிரேம் கணக்கு, எங்கட பக்கம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். இங்க ரியூப் லைற் விநாடிக்கு 100 தரம் துடிக்கும். 1/60 ஷட்டரில (பிரேமுக்கு 1/60 விநாடி வெளிச்சம் வாங்கிறது) ஒவ்வொரு பிரேமுக்கும் வெவ்வேறு அளவு வெளிச்சம் விழ, திரையில பட்டை பட்டையாய் ஓடும். ஷட்டரை 1/100 இல வைச்சால் நிக்கும், ஆனால் சின்ன ஹண்டிகாம் கனக்க மொடல்களில ஷட்டரைக் கையால மாத்தவே வழியில்லை. 50-60 மாத்துற மெனுவும் இருக்காது, விக்கிற நாட்டுக்கேற்ற மாதிரிப் பூட்டித்தான் வரும். மங்கலாக்கின எல்ஈடி மேடை விளக்குகள் வேற வேகத்தில துடிக்கும், அதுக்கு எந்த ஷட்டரும் முழு மருந்தில்லை. ஒத்திகை அண்டைக்கே ஒரு பத்து நிமிசம் எடுத்துப் பெரிய திரையில போட்டுப் பாருங்கோ.

சலங்கைமணி:

மூவருக்கும் நன்றி. மைக் துளை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். எத்தனை ஜிபி கார்டு, எந்த ஃபார்மட்? இன்னொன்று, ஆன்லைனில் "4கே, 48 மெகாபிக்ஸல் கேம்கார்டர்" என்று ஏஎக்ஸ்43 விலையில் ஒரு சிறு பங்குக்குப் பார்க்கிறேன், மைக்கும் கூடவே தருகிறார்கள். இல்லையென்றால் பழைய கேமரா வாங்கலாமா?

மேடைக்கண்:

இரண்டாவதற்கு முதலில்: அதைத் தொடாதீர்கள். விவரப் பட்டியலில் "16 மடங்கு டிஜிட்டல் ஜூம்" என்று மட்டும் இருந்து ஆப்டிகல் என்ற சொல்லே இல்லையென்றால், உள்ளே அசையாத ஒற்றை லென்ஸும் பொடி சென்சாரும்தான். 4கே என்பது சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியது. கூடவே தரும் மைக், போன் வாங்கினால் கொடுக்கும் கவர் மாதிரி.

கார்டு. ஏவிசிஎச்டி, எக்ஸ்ஏவிசி எஸ் இரண்டும் பதிவு ஃபார்மட்டுகள், எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எழுதும் மெகாபிட். ஏவிசிஎச்டி 50பி-யில் (விநாடிக்கு 50 முழுப் படம்) 28 எம்பிபிஎஸ், மணிக்கு 12.6 ஜிபி. எக்ஸ்ஏவிசி எஸ் எச்டி 50 எம்பிபிஎஸ், மணிக்கு 22.5 ஜிபி. 4கே 60 எம்பிபிஎஸ் என்றால் 27, 100 எம்பிபிஎஸ் என்றால் 45. உங்கள் 2 மணி 40 நிமிடத்துக்கு எக்ஸ்ஏவிசி எஸ் எச்டி சரியாக 60 ஜிபி. 64 ஜிபி கார்டை நம்பினால் மங்களத்தில் நின்றுவிடும், 128 வாங்குங்கள். 100 எம்பிபிஎஸ் 4கே எடுப்பதாக இருந்தால் யு3 (வேகமாக எழுதும் வகை) கார்டு கட்டாயம், அளவும் 256.

ஆடல் எடுக்க 50ஐ (ஒன்று விட்டு ஒரு கோடாகப் பதியும் முறை) வேண்டவே வேண்டாம். கை வீசும்போது விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிரியும். எச்டியில் 50பி எடுங்கள். ஏஎக்ஸ்43-ல் 4கே 25பி-தான் இருக்கிறது. வேகமான தீர்மானங்களில் (அடவுக் கோர்வைகளில்) 50பி எச்டி தெளிவாக இருக்கும், 4கே-யில் விரல் நுனி, கண் நுட்பமாக விழும். அகல ஷாட்டாக வைத்து எடிட்டிங்கில் வெட்டிக்கொள்கிற எண்ணம் இருந்தால் மட்டும் 4கே.

ஏவிசிஎச்டி நீண்ட பதிவைத் துண்டு துண்டாகத்தான் எழுதும். அந்தத் துண்டுகளான எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பிடுங்கி எடிட்டரில் வரிசையாக வைத்தால் ஒட்டும் இடத்தில் ஒலி ஒரு கணம் விட்டுப்போகலாம். கார்டில் உள்ள கோப்புறை முழுவதையும் அப்படியே கணினிக்கு எடுத்து, ஏவிசிஎச்டி துண்டுகளைச் சேர்க்கத் தெரிந்த மென்பொருளில் இறக்குமதி செய்யுங்கள், அதுவே சேர்த்துத் தரும். கார்டை எப்போதும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். பதிவு நிறுத்தியதும் கார்டு விளக்கு அணையும்வரை பேட்டரியைக் கழற்றாதீர்கள், கடைசித் துண்டு மூடப்படாமல் போய்விடும். பேட்டரியை நம்பி உட்காராமல் அடாப்டரிலேயே ஓட்டுங்கள். ஏஎக்ஸ்43-க்கு 8.4 வோல்ட் தனித் துளை இருக்கிறது. பேட்டரியையும் மாட்டியே வையுங்கள், யாராவது வயரை இடறினாலும் பதிவு நிற்காது.

ரிப்பேர்பெஞ்ச்:

பழசு வாங்கலாம். இந்த வகையில் புது மாடல் வருவது கிட்டத்தட்ட நின்னுபோச்சு, அதனால உதிரிப் பாகம் கிடைப்பதும் வரவரக் கஷ்டம். அதுதான் பெரிய குறைன்னு நான் சொல்வேன்.

கையில் எடுத்ததும் எல்சிடியைத் திறந்து முழுக்கத் திருப்புங்க, மெதுவா, இரண்டு மூன்று தடவை. நடுவில் எங்கயாவது வெள்ளையாகவோ கோடாகவோ வந்தா உள்ளே கீல் வழியா போற ரிப்பன் கேபிள் விரிஞ்சிருக்கு. ஏஎக்ஸ்43-ல் வ்யூஃபைண்டர் கிடையாது, திரை போனா கேமராவே போன மாதிரி. ஏஎக்ஸ்53-ல் வ்யூஃபைண்டர் இருக்கு.

அடுத்தது லென்ஸ். டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி நூல் தெரிஞ்சா பூஞ்சை, விட்டுடுங்க. ஒரு ஓரத் தூசி பரவாயில்லை. முழு ஜூமில் தூரத்துப் போர்டு எழுத்து மேல பதிவு போட்டு, ஜூமை வெளியே இழுத்து மறுபடி உள்ளே விடுங்க. எழுத்து கூர்மைக்கு வராம ஊசலாடினா லென்ஸ் தொகுதி அடி வாங்கியிருக்கு. கடற்கரையில் பயன்படுத்தின கேமராவில் லென்ஸ் மூடி இதழ்களில் மணல் சிக்கி அரைகுறையா நிற்கும், ஆன் ஆஃப் பண்ணிப் பாருங்க. மைக்ரோ எச்டிஎம்ஐ, யுஎஸ்பி துளையில் கேபிளைச் சொருகி லேசா ஆட்டுங்க. இணைப்பு அறுபட்டு வந்தா போர்டில் சால்டர் விட்டிருக்கு.

டேப் கேமரா, ஹார்ட் டிஸ்க் கேமரா யாராவது சும்மா கொடுத்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். வழக்கமான மினிடிவி (MiniDV) டேப் சாதாரண வேகத்தில் 60 நிமிடம்தான், இறக்க ஃபயர்வயர் போர்ட் உள்ள கணினி தேடணும்.

வாங்கின பிறகு: காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 45-50 சதவீதத்தில் இருக்கட்டும். கேமராவோட வந்த துணிப்பைக்குள் மாதக்கணக்கில் வைச்சா நம்ம ஊர் ஈரத்தில் பூஞ்சை நிச்சயம். பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில் தனியா வைங்க. ஏசி ஹாலிலிருந்து வெளியே கொண்டுவரும்போது பையை உடனே திறக்காதீங்க, அரை மணி நேரம் போகட்டும்.