ஐவரி கலருக்கு இந்தப் பேர் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருக்கேன். மாப்பிள்ளை செட் அட்டையில 'ஐவரி'ன்னு போட்டு வருது. சட்டைத்துணியை டியூப்லைட் வெளிச்சத்துல விரிச்சுக் காட்டினா, "இது ஹாஃப் ஒயிட்தானே தம்பி?"ங்கிறாங்க. வாசல்ல வெயில்ல பிடிச்சாதான் அந்த லேசான மஞ்சள் தெரியும். யானைத் தந்தத்து நிறம்னு சொல்லிச் சமாளிக்கிறேன். அந்தச் சொல் எந்த ஊர்ச் சொல்லுங்க?

பதில் 1: இலத்தீன்ல 'எபுர்'. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. அதுக்கும் மூலம் பழைய எகிப்து மொழியா இருக்கலாம்கிறாங்க. அங்கே யானைக்கும் தந்தத்துக்கும் 'ஆபு'. நைல் நதியில அஸ்வான் பக்கம் இருக்கிற தீவுக்கும் அதே பேர்தான். கிரேக்கர்கள் எலிஃபன்டைன் ஆக்கிட்டாங்க.

பதில் 2: 'தந்தம்' வடமொழி, பல்னு அர்த்தம். பொருத்தமான பேர்தான், அது மேல்தாடை வெட்டுப்பல். பழந்தமிழ்ல மருப்பு, கோடு. 599-ஆம் குறள்ல யானையைக் 'கூர்ங்கோட்டது'ன்னு வள்ளுவர் சொல்றார். மாட்டுக் கொம்பு, மரக்கிளை, மலையுச்சி எல்லாமே கோடுதான். எங்க பாட்டி யானைக்கொம்புன்னுதான் சொல்லும்.

பதில் 3: ஓவியக்காரன் நான். எங்ககிட்ட ஐவரின்னா கறுப்பும் உண்டு! 'ஐவரி பிளாக்' முன்னாடி தந்தத்தைக் கருக்கி எடுத்தது. இப்போ ட்யூப்ல வர்றது எலும்புக் கரி. கஸ்டமர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க, குழம்பிடுவாங்க.