கலைச்சொல் தேவை: ஒலிக்கருவியில் ‘பர்ன்-இன்’

ச.:
அன்பர்களுக்கு வணக்கம். ஹெட்ஃபோன் வாங்குவோருக்கான கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளி மாலை அச்சுக்குப் போகும். ‘பர்ன்-இன்’ என்பதற்குச் சொல் வேண்டும். புதுக் கருவியில் 100, 200 மணி நேரம் பாட்டோ இரைச்சலோ ஓடவிட்டால் ஒலி கனியும் என்பார்களே, அது. கையேடு அதை ஐயத்தோடுதான் பேசுகிறது. முதல் வரைவில் ‘எரியூட்டல்’ என்றிருந்தது. சுடுகாட்டு வாடை.

அ.:
‘புடமிடல்’ இருக்க வேறெதற்கு? சூடு, கால அளவு, மாசு நீங்கல் எல்லாம் அதில் அடக்கம். பற்பத்துக்கு எத்தனை வறட்டி என்று கணக்கு வைத்திருந்த மரபு நம்முடையது.

கு.:
ஐயா, சிக்கலே அதுதான். புடமிட்டால் உயரும் என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ‘பதப்படுத்தல்’ என்றாலும் அப்படியே.

மின்னணுத் தொழிலில் பர்ன்-இன் வேறு. மில்-எஸ்டிடி-883 என்ற அமெரிக்க ராணுவத் தரமுறையில் சில்லுகளை 125 டிகிரி செல்சியஸில் 160 மணி நேரம் மின்சாரம் கொடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. மெருகேற்ற அல்ல, குறையோடு பிறந்தவை வாடிக்கையாளரிடம் போகுமுன் அங்கேயே சாகட்டும் என்றுதான். அதற்கு ‘வடிகட்டு ஓட்டம்’ போதும்.

ஒலிக்கருவியில் உறுப்புக்கு உறுப்பு கதை மாறும். கேபிளில் மாற ஒன்றுமில்லை, செம்பு செம்புதான். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் என்ற மின்தேக்கி நெடுநாள் சும்மா கிடந்தால் ஆக்சைடு படலம் நலியும். மின்னழுத்தம் கொடுத்தால் மீண்டும் கட்டி, கசிவு குறையும். அதற்கு 200 மணி நேரம் வேண்டாம். உண்மையில் இளகுவது ஸ்பீக்கரின் ஸ்பைடரும் கூம்பின் விளிம்பும். அதற்கும் கணக்குப் போடலாம். ஒத்ததிர்வு (தானாக அதிரும் அதிர்வெண்) 40 ஹெர்ட்ஸ், வாஸ் (கூம்பைத் தாங்கும் பிடிமானத்தின் விறைப்புக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) 50 லிட்டர் உள்ள ஸ்பீக்கர், 20 லிட்டர் மூடிய பெட்டி என்று கொள்வோம். பெட்டிக்குள் ஒத்ததிர்வு 74.8 ஹெர்ட்ஸ். இளகி 40 என்பது 36 ஆனால் வாஸ் 61.7 லிட்டராக ஏறும். பெட்டிக்குள் 72.8. வெளியே 10 விழுக்காடு இறங்கியது, உள்ளே மூன்றைக்கூடத் தொடவில்லை. பெட்டிக் காற்றே பெரிய வில்லாக நின்றுவிடுகிறது.

அ.:
ஸ்பைடர் என்றே எழுதுகிறீர்களே! சிலந்தி?

கு.:
மடிப்பு மடிப்பாக இருக்கும் துணித்தட்டு ஐயா, கால் எட்டு கிடையாது. அதைத் தனி இழையில் பேசுவோம்.

மீ.:
தமிழ் இலக்கணமே இங்கே கை கொடுக்கிறது. பழகு தன்வினை, பழக்கு பிறவினை, அடங்கு, அடக்கு போல. கருவியைப் பழக்குகிறோம் என்பது விற்பவர் கூற்று. காது பழகுகிறது என்பது ஐயப்படுவோர் கூற்று. ஒற்று ஒன்றில் வழக்கு முழுவதும் நிற்கிறது. ஹெட்ஃபோனில் பஞ்சுக்காதுறை அமுங்கிக் காதோடு ஒட்டினாலே பாஸ் மாறும். அதையும் ‘பழகிவிட்டது’ என்றுதான் சொல்வார்கள்.

வே.:
எங்கள் பக்கம் காளையை வசக்குவார்கள், பழக்கிப் பணிய வைப்பது. ‘வசக்கல்’ என்றால் என்ன குறை?

அ.:
வசம் வடசொல்.

வே.:
வடசொல்லுக்கும் திசைச்சொல்லுக்கும் தொல்காப்பியர் இடம் விட்டார், தாங்கள் விட மாட்டீர்களா? சரி, தேருக்கு ‘வெள்ளோட்டம்’ விடுகிறோமே, அதை எடுங்கள்.

மீ.:
வெள்ளோட்டம் சோதனை. ஓடுமா என்று பார்ப்பது, ஓடியதால் திருந்துவதல்ல. மென்பொருளார் வேறு எடுத்துக்கொண்டார்கள்.

பழ, பழு ஒரே வேரா என்றும் பார்க்கலாம். பழையது, பழுத்தது, பழகியது…

ச.:
அம்மா, நாளை வெள்ளி. சோதனைப் பத்தியையாவது யாராவது சரிபார்க்கவும்.

கு.:
வரைவில் ‘புதியதையும் ஓட்டியதையும் ஒப்பிடுக’ என்று மட்டும் இருக்கிறது, போதாது. ஒரே மாடலில் இரண்டு ஹெட்ஃபோன் வாங்கினாலும் இரண்டும் அச்சு அசலாக இருக்காது. ஓட்டுமுன் இரண்டையும் அளக்க வேண்டும். ஒன்றை 100 மணி நேரம் ஓட்டி, மற்றதைப் பெட்டியிலேயே விட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஹெட்ஃபோனைக் கழற்றி மாட்டினாலே பாஸ் அளவு மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் ஐந்தாறு முறை மாட்டிச் சராசரி எடுக்கவும். காதால் ஒப்பிடுவதானால் ஒலி அளவு 0.1 டெசிபலுக்குள் பொருந்த வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது நன்றாக இருப்பதாகவே தோன்றும். எது எதுவென்று தெரியாமல் 16 முறை கேட்டு 12 சரியாகச் சொன்னால் கவனிக்கலாம். வெறும் ஊகத்தில் அவ்வளவு வர நூற்றில் நான்குக்கும் குறைந்த வாய்ப்பு.

ச.:
வெள்ளி, மாலை 4 மணி. ‘பழக்கோட்டம்’ என்று பதிகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘பர்ன்-இன்’. மூவர் சரி என்றார்கள், மற்றவர்கள் பதில் போடவில்லை.

அ.:
பழக்கு + ஓட்டம் என்று நீங்கள் பிரிப்பீர்கள். படிப்பவர் பழம் + கோட்டம் என்று பிரித்தால்? மாம்பழச் சந்தைக்கு வைக்க வேண்டிய பெயர். என் மறுப்பைப் பதிவு செய்யவும்.

ச.:
பதிந்தாயிற்று ஐயா. கோப்பும் போய்விட்டது.

வே.:
வசக்கோட்டம் என்றால் அந்தக் குழப்பமே இல்லை.