மோட்டார்ஹோமில் மூன்று வாரமா, விமானமும் விடுதியுமா? வயதான அம்மாவும் உடன் வருவதால் கேட்கிறேன்

கேள்வி: மாலைவெயில்

அனைவருக்கும் வணக்கம். நானும் கணவரும், 10 வயதிலும் 7 வயதிலும் உள்ள எங்கள் பிள்ளைகளும், 73 வயதான என் அம்மாவும் சேர்ந்து அடுத்த விடுமுறையில் 21 நாள் பயணம் போவதாக இருக்கிறோம். பார்க்க நினைக்கும் இடங்கள் ஒரு பெரிய வட்டமாக அமைந்திருக்கின்றன. முழுவதையும் சாலை வழியே சுற்றி வந்தால் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் ஆகும். படுக்கை, சமையலிடம், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியான மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். விமானத்தில் போய், இரண்டு மூன்று ஊர்களில் விடுதியில் தங்கி, அங்கங்கே காரில் சுற்றிப் பார்ப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவுக்கு நீரிழிவு உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மணிக்கு ஒரு முறையாவது கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறது, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். கழிப்பறை எப்போதும் கூடவே வரும் என்பதுதான் கணவரின் முதல் வாதம். செலவை நாங்களே கணக்கிட்டுப் பார்த்தோம், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது. இரண்டு முறையிலும் பயணம் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சக்கரவீடு

ஒன்பது ஆண்டுகளாக மோட்டார்ஹோம் வைத்திருக்கிறேன், அதற்கு முன் பலமுறை வாடகைக்கும் எடுத்திருக்கிறேன். இந்தப் பயண முறை எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதால், இதிலுள்ள சிரமங்களை மறைக்காமல் சொல்வதே உங்களுக்கு நான் செய்யக்கூடிய உதவி.

உங்கள் கணக்கில் விடை மாறிக்கொண்டே இருப்பதற்கு முதல் காரணம் எரிபொருளாக இருக்கலாம். 3,500 கிலோ எடைக்குள் அடங்கும் டீசல் வண்டி லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடினால் உங்கள் சுற்றுக்கு 300 லிட்டர் போதும்; பேருந்து அளவுள்ள பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர்தான் தரும் என்பதால் அதே சுற்றுக்கு 600 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் சாதாரணக் காருக்கு 160 லிட்டர் போதுமானது. எனவே எந்த வண்டி என்று முடிவு செய்யாமல் போடும் கணக்கு எதுவும் நிலைக்காது. அதோடு இரவில் வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம் தளத்தின் கட்டணம், எரிவாயு, நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பைத் தாண்டினால் விழும் கூடுதல் தொகை, படுக்கை விரிப்புக்கும் பாத்திரத்துக்கும் தனியாகக் கேட்கும் வாடகை ஆகியவற்றையும் சேருங்கள். விடுதிப் பக்கத்தில், ஐந்து பேருக்கு இரண்டு அறை என்றால் 20 இரவுக்கு 40 அறை வாடகை என்பதையும், மூன்று வேளையும் வெளியே சாப்பிடும் செலவையும், கார் வாடகையையும் விட்டுவிடாதீர்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மோட்டார்ஹோம் செலவு பெரும்பாலும் விடுதிச் செலவை நெருங்கி வரும் அல்லது அதைவிடச் சற்றுக் குறையும். இருவர் மட்டும் போனால் பெரும்பாலும் அது கட்டுப்படியாகாது.

கழிப்பறையைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது பாதி உண்மை. வண்டி ஓடும்போது அனைவரும் சீட் பெல்ட் அணிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடும் வண்டியில் முழங்கால் வலியுள்ள ஒருவர் எழுந்து நடப்பது மிகவும் ஆபத்தானது. ஆனால் பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடம் கிடைத்தவுடன் வண்டியை ஓரம் கட்டினால், பின்னால் நான்கு அடி நடந்து சுத்தமான கழிப்பறைக்குப் போய்விடலாம். எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறைக் கதவு பூட்டியிருக்குமோ, எங்கே தண்ணீர் வராதோ என்ற கவலை முற்றிலும் நீங்கிவிடும். என் தாயார் இருந்தவரை இந்த ஒரு வசதிக்காகவே எங்களோடு வெளியூர் வரச் சம்மதித்தார்.

அந்த வசதிக்குப் பின்னால் இருக்கும் வேலையையும் சொல்ல வேண்டும். சிறிய வண்டிகளில் கழிப்பறைக்கு அடியில் பெட்டி போன்ற ஒரு தொட்டி இருக்கும், கொள்ளளவு ஏறத்தாழ 18 லிட்டர். ஐந்து பேர், அதிலும் அடிக்கடி போகும் ஒருவர் இருந்தால், அதைத் தினமும் வெளியே இழுத்து, உருட்டிக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். பெரிய வண்டிகளில் 100 லிட்டரும் அதற்கு மேலும் பிடிக்கும் நிலையான தொட்டி உண்டு. அதற்குக் குழாய் மாட்டி, முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது வடிந்த பிறகுதான் குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேர்ந்த தொட்டியைத் திறக்க வேண்டும். அப்போது அந்த சோப்பு நீரே குழாயை அலசிவிடும். முகாமில் நிற்கும் நாட்களில் கழிப்பறைத் தொட்டியின் அடைப்பானைத் திறந்தே வைத்துவிட்டால் நீர் மட்டும் ஓடிப்போய்க் கழிவு அடியில் இறுகிவிடும். வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இதைப் பலரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 3,500 கிலோ வரம்புள்ள வண்டிகள் சிலவற்றில் ஆட்கள், தண்ணீர், பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 400 முதல் 500 கிலோ வரைதான் மீதமிருக்கும். 100 லிட்டர் நீர் என்றால் 100 கிலோ. நாங்கள் கால் தொட்டி நீரோடு புறப்பட்டு, சேரும் இடத்தில் நிரப்பிக்கொள்வோம்.

உயர விஷயத்தில் நான் பட்டது உங்களுக்கு வேண்டாம். முதன்முதலில் வாடகைக்கு எடுத்த வண்டியின் கூரையை ஒரு மரக்கிளை ஒரு முழ நீளத்துக்குக் கீறிவிட்டது. காப்பீடு உண்டு என்று நிம்மதியாக இருந்தேன். கூரைச் சேதம் அதில் அடங்காது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததை வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் காட்டினார்கள். முன்பணம் முழுவதும் போயிற்று. அன்று முதல் வண்டியின் உயரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டாமல் நான் புறப்படுவதில்லை.

பதில் 2: மேகத்தடம்

சகோதரிக்கு வணக்கம். கால் தளர்ந்த என் தந்தையை ஒரு முறை மோட்டார்ஹோமிலும் இரண்டு முறை விமானத்திலும் அழைத்துச் சென்றவன் நான். முந்தைய பதிலில் உள்ள அனைத்தும் சரியே. ஆனால் முதியவரின் உடல் அந்த வண்டிக்குள் எப்படி நடமாடும் என்பதை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

வாசல் தரையிலிருந்து உயரத்தில் இருக்கும். இழுத்துவிடும் படியில் கால் வைத்து ஏறினாலும் அடுத்த எட்டு பெரிதாகவே இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை ஏறி இறங்கினால் முழங்கால் அன்று இரவே அதைச் சொல்லிவிடும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள படுக்கைக்கு ஏணி வேண்டும். பின்பக்கத்தில் நிலையாக அமைந்த கட்டில் பல வண்டிகளில் இடுப்பளவு உயரம். கழிப்பறைக்குள் திரும்புவதற்கே இடம் போதாது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்காது. என் தந்தை மூன்றாம் இரவில் படியைத் தவறவிட்டு விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அதன் பிறகு அவர் வண்டியைவிட்டு இறங்கவே தயங்கினார். எத்தனை அழகான இடங்களில் நாங்கள் நின்றோம்! அவர் எல்லாவற்றையும் கண்ணாடி வழியேதான் பார்த்தார். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

விமான நிலையத்திலோ, பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டு வைத்தால் சக்கர நாற்காலியோடு ஒருவர் வந்து வாசலிலிருந்து இருக்கை வரை அழைத்துப் போவார். விடுதியில் மின்தூக்கி உண்டு. கைப்பிடிக் கம்பியுள்ள குளியலறை வேண்டுமென்றாலும் முன்கூட்டியே கேட்கலாம். கழிப்பறைக்கு அருகே நடைபாதை ஓர இருக்கையை எடுங்கள். விமான அறைக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும். கழிப்பறைக்குப் பயந்து அம்மா தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடக் கூடாது.

இன்சுலினை எக்காரணம் கொண்டும் சரக்குப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே உறைந்துவிட்டால் அது பயன்படாது. மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திரவத்துக்கான 100 மில்லிலிட்டர் வரம்பிலிருந்து மருந்துகளுக்கு விலக்கு உண்டு.

நேரக் கணக்கில் மட்டும் விமானத்தின் பக்கம் அவ்வளவாக நான் பேச மாட்டேன். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருவது, அதற்கு முன் வீட்டிலிருந்து போகும் நேரம், இறங்கிப் பெட்டிக்குக் காத்திருப்பது, விடுதியைச் சேர்வது என்று கூட்டினால், ஒரு மணி நேரப் பறத்தலுக்கு அரை நாளுக்கு மேல் போய்விடும். 400 கிலோமீட்டருக்குள் உள்ள ஊருக்கு விமானம் எதையும் மிச்சப்படுத்தித் தராது.

பதில் 3: இருகரை

இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. உங்கள் வட்டத்தின் தொலைதூர முனைக்கு விமானத்தில் போய், அங்கே மோட்டார்ஹோமை எடுத்து, அதே ஊரில் திருப்பிக் கொடுங்கள். எடுத்த ஊர் ஒன்று, கொடுக்கும் ஊர் வேறு என்றால் பல இடங்களில் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று இரவாவது தங்குங்கள். தினமும் இடம் மாறினால் எல்லாவற்றையும் கட்டி வைத்து, கதவுகளைத் தாழிட்டு, தண்ணீரையும் மின்கம்பியையும் கழற்றிப் புறப்படுவதற்கே காலை நேரம் முழுவதும் போய்விடும்.

மாலைவெயில்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு, நேற்று அம்மாவையே அழைத்துக்கொண்டு வாடகை வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனோம். மேகத்தடம் சொன்னது போலவே படியில் ஏற அம்மாவுக்கு என் தோள் வேண்டியிருந்தது. முதல் வண்டியின் கழிப்பறையில் உட்கார்ந்தபோது முழங்கால் கதவில் இடித்தது, எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாவது வண்டி சற்று நீளமானது. கழிப்பறையும் குளியல் இடமும் தனித்தனியாக இருந்ததால் அம்மா தாராளமாகத் திரும்பினார், கைகழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் தானாகவே எழுந்தார்.

பிறகு அம்மா சொன்ன ஒன்று எங்கள் யாருக்கும் தோன்றாதது. விடுதிகளில் ஒவ்வோர் ஊரிலும் அறையின் அமைப்பு வேறாக இருப்பதால், நள்ளிரவில் விழித்ததும் கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பாராம். எங்களை எழுப்பவும் கூச்சமாம். இந்த வண்டியில் ஊர் மாறினாலும் கதவு அதே இடத்தில் இருக்கும் அல்லவா என்று கேட்டார். எத்தனையோ விடுதிகளில் அவர் அப்படி நின்றிருக்கிறார், எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

எனவே தொலைதூர முனைக்கு விமானத்தில் போய், முதல் ஆறு இரவு விடுதியிலும், அடுத்த பன்னிரண்டு இரவு அந்த நீளமான வண்டியில் நான்கே இடங்களிலும், கடைசி இரண்டு இரவு மீண்டும் விடுதியிலும் தங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். வண்டியைப் பெற்றுக்கொள்ளும் நாளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சக்கரவீடு சொல்ல முடியுமா?

பதில் 4: சக்கரவீடு

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வண்டியைக் கையில் வாங்கும் அன்று ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, அவர்கள் காட்டுவதை முழுவதும் செல்பேசியில் படம்பிடியுங்கள். கூரை, பக்கவாட்டு மூலைகள், அடிப்பாகம் ஆகியவற்றையும் சேர்த்து எடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். இந்த வண்டிகள் அதிகம் நின்றபடியே இருப்பதால், தேயாமல் புதிது போலத் தெரியும் டயரும் வயதாகி உள்ளே விரிசல் விட்டிருக்கக்கூடும். ஏழு ஆண்டைத் தாண்டியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். எரிவாயுக் கசிவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பார்த்து, பொத்தானை அழுத்தி ஒலியைக் கேட்டுவிடுங்கள்.

குளிர்பெட்டி எரிவாயுவில் இயங்கும் வகை என்றால், வண்டி சரிந்து நிற்கும்போது அது சரியாகக் குளிராது. இன்சுலின் உள்ளே இருப்பதால் சக்கரங்களுக்கு அடியில் வைக்கும் சாய்வுக் கட்டைகளைக் கேட்டு வாங்கி, முகாமில் முதல் வேலையாக வண்டியைச் சமப்படுத்துங்கள். இன்சுலினைக் குளிர்விக்கும் தகட்டை ஒட்டி வைக்க வேண்டாம், உறைந்துவிடும். சிறிய வெப்பமானி ஒன்றை அருகில் வைத்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு மேசையை இறக்கி அமைக்கும் தாழ்ந்த படுக்கையைக் கொடுங்கள். வாசலுக்கு வெளியே வைக்க அகலமான, வழுக்காத படிப்பலகை ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறைக் கதவு வரை தரையோரமாக ஒட்டக்கூடிய, ஆள் நடந்தால் தானாக எரியும் பேட்டரி விளக்குகள் கிடைக்கின்றன. இரண்டு போதும், விடுதி அறைக்கும் அவற்றையே எடுத்துப் போகலாம்.