புதுப்பிப்பு: சம்பளமில்லாமல் பறக்கலாமா என்று கேட்டிருந்தேனே

நான் விமானி. வேலை போன பிறகு விமானம் ஓட்டும் தகுதி காலாவதியாகாமல் இருக்க, 'சம்பளமே வேண்டாம், பறக்க விட்டால் போதும்' என்று ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எழுதிக் கொடுக்கவில்லை.

தகுதி நீடிக்க 90 நாளுக்குள் வேண்டிய 3 டேக் ஆஃப், 3 லேண்டிங்கை அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டரிலேயே (விமானம் ஓட்டுவதைப் போலவே இருக்கும் பயிற்சிக் கருவி) முடிக்கலாம் என்று ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. செலவு கொஞ்சம் இல்லை, காசிமேட்டில் அப்பா படகு இன்ஜினுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம், அதையும் மீன் வாசனையோடு ரப்பர் பேண்டு போட்டே எடுத்துக் கொடுத்தார்.

எதிர்பாராதது மெடிக்கல், அதாவது விமானிக்கான உடல்தகுதிச் சான்று. முதல் வகுப்புச் சான்று என் வயதுக்கு 12 மாதம்தான், சிமுலேட்டருக்குக் கிளம்புகிற அன்றைக்குப் பார்த்தால் அது முடிய 9 நாள்தான் பாக்கி. சிமுலேட்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே அதைப் பார்த்துவிடுங்கள்.