எக்ஸ்.ஆர்க்கைப் பிரித்தது வெற்றி என்றால் 2018ல் ஏன் ஒட்டினார்கள்?

இமேக்_கிழவர்:
லினக்ஸ் கணினிகளில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ்.ஆர்க் (சுருக்கமாக எக்ஸ்) மென்பொருளைப் பற்றி, "எக்ஸ்.ஆர்க்கைத் தனித்தனிப் பொதிகளாக (பேக்கேஜ்களாக) பிரித்ததால்தான் அது பிழைத்தது, எந்தப் பெரிய மென்பொருளுக்கும் இதுதான் வழி" என்று தம்பி தனிமரம் நேற்று தீர்ப்பு எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே கேள்வி. பிரித்தது அவ்வளவு உசத்தி என்றால், தனித்தனியாக இருந்த புரோட்டோகால் ஹெடர் (நிரல்கள் எக்ஸுடன் பேசும் முறையை விவரிக்கும் கோப்புகள்) பொதிகளை 2018ல் எக்ஸ்ஆர்க்புரோட்டோ என்று ஒரே பொதியாக ஏன் ஒட்டினார்கள்?

தனிமரம்:
அவை வெறும் ஹெடர் கோப்புகள் அண்ணே. பழைய காலம் மறந்துவிட்டதா? வன்பொருளை இயக்கும் ஒரு டிரைவரில் ஒரு வரி திருத்தினாலும், அது பயனர் கைக்குப் போக முழு எக்ஸும் அடுத்த வெளியீடு காண வேண்டும். 2005 டிசம்பர் 21 அன்று எக்ஸின் 6.9, 7.0 பதிப்புகள் இரண்டும் ஒரே மூலநிரலிலிருந்து வந்தன. 6.9 இமேக் என்ற பழைய கட்டும் கருவியில் (மூலநிரலை ஓடும் நிரலாக்கும் கருவி) ஒரே கட்டு, 7.0 ஆட்டோடூல்ஸ் என்ற வேறு கட்டும் கருவியில் தனித்தனிப் பொதிகள். அடுத்த மே மாதமே 7.1 வந்துவிட்டது. உங்கள் ஒரே கட்டு 6.9 உடன் நின்றுபோனது.

இமேக்_கிழவர்:
தேதி கேட்கவில்லை. 2018ல் ஏன் ஒட்டினார்கள்?

பொதிப்புலி:
பொதி கட்டுகிறவன் சொல்கிறேன், கேளுங்கள். கட்டுவதற்கு முன் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் கான்ஃபிகரை ஓட்டினால், பாதியில் நின்று இன்ன புரோட்டோ பொதி இல்லை என்று சொல்லும். அதைத் தேடிக் கட்டினால் அடுத்த புரோட்டோ. அதையும் கட்டினால் பதிப்பு பழையது என்று திட்டும். ஒட்டியதும்தான் மூச்சு வந்தது. அதற்காக டிரைவர்களையும் எக்ஸின் மைய நிரலான சர்வருக்குள் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

இமேக்_கிழவர்:
பார்த்தீர்களா, ஒட்டியதும் மூச்சு வந்ததாம். பழைய ஒரே மூலநிரல் மரத்தில் 'மேக் வேர்ல்டு' என்று ஒரு கட்டளை, முழு எக்ஸும் கட்டி முடிந்தது கதை.

பொதிப்புலி:
என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. போன மாதமும் இதையேதான் செய்தீர்கள்.

தனிமரம்:
'மேக் வேர்ல்டு' போட்டுவிட்டுத் தூங்கி எழுந்தால் இமேக் பிழை காத்திருக்கும். அதைச் சொல்ல மாட்டார்.

இமேக்_கிழவர்:
இமேக் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிழைதான் வரும். சரி, அப்புறம் பல திரை அட்டைகளுக்கும் பொதுவான மோட்செட்டிங் டிரைவர்? தனிப் பொதியாக இருந்ததை சர்வரின் 1.17 பதிப்பில் சர்வருக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அதுவும் வெறும் ஹெடரா தம்பி?

தனிமரம்:
ஒரு டிரைவர்! மற்றவை வெளியேதானே இருந்தன?

இமேக்_கிழவர்:
ஒட்டினார்களா, இல்லையா?

புதுஜன்னல்:
எல்லாரும் எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டுக்குப் போய்விட்டார்கள். இன்னுமா இந்தச் சண்டை?

பொதிப்புலி:
வந்துவிட்டார். ஐயா, அது வேறு இழை.

தனிமரம்:
பிரித்ததை யாரும் முழுதாகத் திருப்பவில்லை. சர்வர், நூலகங்கள், எழுத்துருக்கள் எல்லாம் இன்றும் தனித்தனி வெளியீடுதான். டிரைவர்கள் சர்வருடன் இணையும் பைனரி இடைமுகம் மாறினால் அவற்றை மறுபடி கட்ட வேண்டும், அது தொல்லைதான். ஆனால் அந்த ஒன்றுக்காக...

இமேக்_கிழவர்:
தொல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

தனிமரம்:
முழு வரியையும் படம் பிடித்தீர்களா, இல்லை வழக்கம்போல் பாதியா?

பொதிப்புலி:
அதைத்தானே நானும் கேட்டேன். போன மாத விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

இமேக்_கிழவர்:
முதலில் என் கேள்விக்குப் பதில் வரட்டும். இரண்டாயிரத்துப் பதினெட்டு. எழுத்தால் எழுதினாலாவது புரிகிறதா பார்ப்போம்.